மலைப் பங்கில் உதவிக் குழு நடத்துவது எப்படி: வீடு சந்திப்பு முதல் ஆண்டுக் கணக்கு வரை

நீலகிரியில் ஒரு பங்கின் (ஒரு கத்தோலிக்கக் கோவிலின் கீழ் வரும் பகுதி) எல்லைக்குள் கோவிலடித் தெருவும் இருக்கும், பஸ் போகாத எஸ்டேட் லைனும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருக்கும். ஞாயிறு பூசையில் முன்வரிசையில் உட்காருகிறவர்களின் கஷ்டம் பங்குக்கே தெரியும். ஆறு மாதமாகக் கோவில் பக்கம் வராத குடும்பம் ஏன் வரவில்லை என்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். பணம் இருந்தும் உதவிப் பணி தடுமாறுகிற பங்குகளில் காரணம் இதுதான்: வீட்டைப் பார்க்காமல் பொருள் கொடுக்கிறார்கள். முதலில் போய்ப் பாருங்கள், பிறகு கொடுங்கள், கொடுத்ததை எழுதுங்கள், மறுபடியும் போங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த வரிசையில்தான் நிற்கிறது.

இந்தப் பங்குகள் அடங்கிய உதகை மறைமாவட்டம் 1955-இல் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. இங்குள்ள பங்கு மக்கள் ஒரே வார்ப்பில் இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அவைதான் இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). அந்தக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்கிறது, பாட்டி மட்டும் லைன் வீட்டில் இருக்கிறார். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம் பேசும் குடும்பங்கள் அதிகம். அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. அவர்கள் தமிழ்ப் பூசையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். குழு அமைக்கும்போது இந்த மூன்று வகையினரையும் மனத்தில் வையுங்கள்.

எந்தச் சபை எதைச் செய்யும்

புதிதாக ஒரு குழு தொடங்குவதற்கு முன், பங்கில் ஏற்கெனவே இருக்கும் சபைகளைப் பாருங்கள். இரண்டு சபைகள் ஒரே வீட்டுக்கு அரிசி கொடுப்பதும், பக்கத்து வீட்டை இரண்டுமே விட்டுவிடுவதும் எல்லாப் பங்கிலும் நடக்கிறது.

ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாக உதவ ஏற்பட்டதே புனித வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரிஸில், 20 வயது மாணவரான பிரெடெரிக் ஓசானாம் தன் நண்பர்களோடு தொடங்கினார். விறகு வாங்க முடியாத வீட்டுக்கு விறகு கொண்டுபோனதுதான் அவர்களுடைய தொடக்கக் காலப் பணி. குளிர் மலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். இருவர் இருவராக வீட்டுக்குப் போவது, வாரந்தோறும் கூடுவது, உறுப்பினர் தாங்களே இரகசியக் காணிக்கை போடுவது ஆகிய மூன்றும் அந்தச் சபையின் முதுகெலும்பு. உங்கள் பங்கில் இதன் கிளைச்சபை இருந்தால் அதையே பலப்படுத்துங்கள். இல்லையென்றால் பங்குத்தந்தையின் ஒப்புதலோடு மத்திய சபையை அணுகித் தொடங்கலாம்.

மரியாயின் சேனை வேறு. 1921-இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய இந்தச் சேனையின் கையேடு, பொருளுதவி கொடுக்கக் கூடாது என்று தெளிவாகவே விலக்குகிறது. இது பல பங்குகளில் மறந்தே போய்விட்டது. சேனையினர் வீடு சந்திக்கிறார்கள், நோயாளிகளைப் பார்க்கிறார்கள், செபிக்கிறார்கள். கையில் பணம் இல்லாததால்தான் எந்த வீட்டிலும் அவர்களிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். சேனையினர் கண்டுபிடித்த தேவையை வின்சென்ட் சபைத் தலைவரிடம் சொல்ல வேண்டும்; தாங்களே ஐந்நூறு ரூபாயை நீட்டினால் அடுத்த வாரம் அந்த வீட்டில் பேச்சே மாறிவிடும்.

பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களான அன்பியங்கள்தான் கண்ணும் காதும். ஒரு அன்பியத்தில் இருபது முப்பது குடும்பங்கள் இருந்தால் பொறுப்பாளருக்கு எல்லா வீட்டையும் தெரியும். அதற்கு மேல் போனால் தெரியாது. எஸ்டேட்டில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் தனி அன்பியம் இருப்பதே நல்லது. மாதர் சபை, இளையோர் இயக்கம், திருப்பாலர் சபை, பாடகர் குழு எல்லாம் நிதி திரட்டவும் ஆள் பலம் தரவும் வரலாம். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பங்குப் பேரவை, நிதிக்குழு இரண்டும் திருச்சபைச் சட்டத்தில் உள்ளவை (எண் 536, 537). நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். உதவிக் குழுவின் பொருளாளர் அதில் ஓர் உறுப்பினராக இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

முதல் எட்டு வாரம்

முதல் வாரம் பங்குத்தந்தையோடு உட்கார்ந்து மூன்று விஷயங்களை எழுத்தில் முடிவு செய்யுங்கள்: குழு யாருக்குப் பொறுப்பு, பணம் எந்தக் கணக்கில் இருக்கும், பங்குத்தந்தை மாறினால் என்ன ஆகும். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. பங்குத்தந்தை மாற்றலாகிப் போகும்போது பல குழுக்கள் கலைவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் வாரம் ஆள் சேர்ப்பு. ஏழிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். பீடத்திலிருந்து பொது அறிவிப்பு கொடுத்தால் முப்பது பேர் பெயர் கொடுப்பார்கள், இரண்டாம் மாதத்தில் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். நேரில் போய்க் கேளுங்கள். ஒருவர் அரசு அலுவலகப் படிவம் நிரப்பத் தெரிந்தவர், ஒருவர் செவிலியர் அல்லது மருந்துக் கடை அனுபவம் உள்ளவர், ஒருவர் ஜீப் அல்லது பிக்கப் ஓட்டுபவர், ஒருவர் இந்தி பேசுபவர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள் என்று தேடுங்கள். கான்வென்ட் இருந்தால் ஒரு சிஸ்டரையும் சேருங்கள். உதவி பெற்று மேலே வந்த குடும்பத்திலிருந்து ஒருவர் கிடைத்தால் அவர் சொல்வதற்குத் தனி மதிப்பு கொடுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள். அன்பியம் வாரியாக வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுங்கள். "இந்த ஏழைகளின் பட்டியல்" என்று பெயர் வைத்தால் கதவு மூடும். பங்குக் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கிறோம் என்பதே உண்மையும்கூட. தனியாக வாழும் முதியவர், படுக்கையில் இருப்பவர், மாற்றுத்திறனாளி, கணவனை இழந்தவர், குடியால் சிதைந்த வீடு, பள்ளியை நிறுத்திய பிள்ளை, ரேஷன் கார்டு இல்லாத வீடு ஆகிய ஏழு வகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வாரம் அந்தப் பட்டியலைப் பிரித்துக்கொள்ளுங்கள். அரசுத் திட்டத்தில் சேர்த்தாலே தீரும் வீடு எது, ஒருமுறை உதவி போதும் என்ற வீடு எது, மாதாமாதம் தேவைப்படும் வீடு எது என்று மூன்று கட்டு. முதல் கட்டுதான் பெரிதாக இருக்கும். எட்டாம் வாரம் மாதாந்திரக் கட்டிலிருந்து ஐந்து வீடுகளோடு மட்டும் தொடங்குங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்து வீட்டுக்கு ஆண்டுக்கு 90,000 ரூபாய். அந்தப் பணத்தின் பாதியாவது கையில் இல்லாமல் வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்று மாதம் கொடுத்து நிறுத்துவது, கொடுக்காமலே இருப்பதைவிடக் கொடுமை.

வாரக் கூட்டம்

ஒரு மணி நேரம் போதும். தொடக்க செபம், சிறிய வாசகம், போன வாரக் குறிப்பு, இருவர் இருவராகப் போனவர்களின் வீடு சந்திப்பு அறிக்கை, புதிய விண்ணப்பங்கள், பொருளாளர் கணக்கு, இரகசியக் காணிக்கை, முடிவு செபம். சந்திப்பு அறிக்கைக்கு அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். மற்றவை எல்லாம் அதற்காகத்தான்.

இரகசியக் காணிக்கைக்குத் துணிப் பை வேண்டும், தட்டு கூடாது. பை வாய் குறுகலாக, உள்ளே இருப்பது தெரியாதபடி இருக்க வேண்டும். அது சுற்றி வரும்போது எல்லோரும் கையை மூடியபடி உள்ளே விட்டு எடுப்பார்கள். அன்று எதுவும் போட முடியாதவரும் அப்படியே செய்வார். தோட்டக் கூலிக்குப் போகிறவரும் ஆசிரியரும் ஒரே மேசையில் சமமாக உட்கார இந்தச் சின்னப் பைதான் வழி செய்கிறது. சில இடங்களில் வசதிக்காக மாதச் சந்தா நோட்டுப் போட்டுவிடுகிறார்கள். யார் எவ்வளவு என்பது எழுத்தில் வந்த அன்றைக்கே வசதியில்லாத உறுப்பினர் மெல்ல விலகத் தொடங்குவார்.

வீடு சந்திப்பு

இருவராகத்தான் போக வேண்டும். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு இருவரில் ஒருவராவது பெண். லைன் வீடுகளுக்கு வேலை நாளில் மாலை ஐந்துக்கு முன் போனால் ஆள் இருக்கமாட்டார்கள்; இருட்டிய பிறகு தேயிலைக் காட்டு வழியில் காட்டெருமையும் கரடியும் நிற்கும். ஆகவே ஞாயிறு மதியம்தான் சரியான நேரம். சம்பள நாளன்று போகாதீர்கள். அன்று கடன்காரர்களும் வாசலில் இருப்பார்கள், அந்த வீட்டாருக்கு அவமானமாகிவிடும்.

வெளியே நின்று பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், கட்டன் சாயா கொடுத்தால் குடியுங்கள். "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் மானமுள்ளவர் "ஒண்ணும் வேணாம்" என்பார், மற்றவர் பெரிய பட்டியல் சொல்வார், இரண்டாலும் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. "பாட்டி, முழங்கால் வலி எப்படியிருக்கு? மாத்திரை தீர்ந்துபோச்சா? மக போன் பண்ணுச்சா?" என்று தொடங்குங்கள். பேசிக்கொண்டே கண்ணால் பாருங்கள். அடுப்பு ஈரமாக இருக்கிறதா, சாம்பல் புதிதா? சிலிண்டர் இருந்தும் விறகில் சமைக்கிறார்களா? அப்படியென்றால் சிலிண்டருக்குப் பணம் இல்லை. கூரைத் தகரத்தில் ஓட்டை எங்கே, சொட்டும் நீருக்குக் கீழே பாத்திரம் வைத்திருக்கிறார்களா? பிள்ளையின் பள்ளிக் காலணி வாசலில் இருக்கிறதா? மாத்திரை அட்டையில் தேதி என்ன? இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று நீட்டி நீட்டிப் போடும் முதியவர்கள் மலையில் நிறைய. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கும், ஆனால் இரண்டு பஸ் மாறிப் போக அவரால் முடியாது. அந்த வீட்டுக்குத் தேவை பணமே இல்லை. மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கி வர ஓர் இளைஞன்.

முதல் சந்திப்பில் எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். "கூட்டத்துல பேசிட்டு வர்ற ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்று மட்டும் சொல்லுங்கள். சொன்ன ஞாயிறு கட்டாயம் போங்கள், மறுப்புச் சொல்வதாக இருந்தாலும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் நோட்டை விரித்து எழுதாதீர்கள். வெளியே வந்து பாதி வழியில் நின்று குறியுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண் கொடுங்கள்; கூட்டக் குறிப்பில் அந்த எண் மட்டும் வரட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தலைவரிடமும் பங்குத்தந்தையிடமும் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் "அந்த லைன்ல இந்த அக்காவுக்கு" என்று ஒரு வரி போட்டால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

புகைப்படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளர் கேட்டால் பொருள் கட்டிவைத்த மூட்டைகளைப் படமெடுத்து அனுப்பலாம். வாங்குகிறவரின் முகம் எவருக்கும் ரசீது ஆகாது.

உதவி வாங்குகிறவர் இந்துவா, இஸ்லாமியரா, கிறிஸ்தவரா என்று பார்க்காமல் கொடுப்பது சரி. அதோடு, பொருளோடு செபப் புத்தகம், துண்டுப் பிரசுரம் எதையும் சேர்த்து வைக்காதீர்கள். பசியோடு இருப்பவர் எதற்காக இது என்று சந்தேகப்படும் நிலையை உருவாக்கக் கூடாது.

அரசுத் திட்டங்கள் முதலில்

உங்கள் குழு ஆண்டு முழுவதும் கொடுப்பதைவிட ஒரு படிவம் அதிகம் கொண்டுவரும். ஆதரவற்ற முதியவருக்கான உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். பதிவு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போய்விடும், அதனால்தான் பலர் சேராமலே இருக்கிறார்கள். பத்துக் குடும்பத்தைச் சேர்த்து ஒரு வேனில் ஒரே நாளில் அழைத்துப் போங்கள். வேன் வாடகைதான் அந்த மாதத்தின் மிகச் சிறந்த செலவு.

வடமாநிலத் தொழிலாளருக்கு அவர்கள் ஊர் ரேஷன் கார்டிலேயே இங்குள்ள கடையில் அரிசி வாங்க முடியும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டிலும் உண்டு. இது அவர்களில் பலருக்குத் தெரியாது. முதல் தடவை கூடவே போய் வாங்கிக் கொடுங்கள்.

விண்ணப்பம் தள்ளுபடி ஆவதற்கு முக்கியக் காரணம் பெயர் எழுத்து. ஆதாரில் "அந்தோணியம்மாள்", ரேஷன் கார்டில் "அந்தோனியம்மா", வங்கிப் புத்தகத்தில் திருமுழுக்குப் பெயர். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், மற்றவை அதைப் பார்த்து மாறும்.

மாதப் பொருள் பை

அரிசி கொடுக்காதீர்கள். கேட்கவே கடினமாக இருக்கும், ஆனால் அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு ரேஷன் அரிசி இலவசமாகவே வருகிறது. அந்த வீட்டில் இல்லாதது பருப்பு, எண்ணெய், பயறு, சோப்பு. நால்வர் உள்ள வீட்டுக்குச் சரியாக வரும் பை இது: துவரம் பருப்பு 1 கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ, கொண்டைக்கடலை அல்லது பச்சைப் பயறு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், ராகி மாவு 1 கிலோ, வெல்லம் அல்லது சர்க்கரை 1 கிலோ, உப்பு 1 கிலோ, புளி அரை கிலோ, மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் 200 கிராம் வீதம், மஞ்சள் தூள் 100 கிராம், குளியல் சோப்பு 2, துணி சோப்பு 2. மொத்தம் எட்டு கிலோ வரும். லைன் வீட்டுப் படிகளில் ஒருவர் ஒரு கையில் தூக்கிப் போகக்கூடிய எடை அது. கார்டு இல்லாத வீட்டுக்கு மட்டும் 10 கிலோ அரிசி சேருங்கள். கார்டு கிடைத்ததும் நிறுத்திவிடலாம்.

தனியாக இருக்கும் முதியவருக்குப் பாதி அளவு போதும். பல் இல்லாதவருக்குக் கொண்டைக்கடலை வேண்டாம். அவருக்கு ராகி, பாசிப்பருப்பு, பால் பவுடர்.

மலையில் பொருள் கெடுவது ஈரத்தால். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருப்பில் பூஞ்சை பிடிக்கும், தூள் கட்டியாகும். தரையிலும் சுவரை ஒட்டியும் மூட்டை அடுக்காதீர்கள். அரையடி உயரப் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். மழை மாதங்களில் மொத்தமாக வாங்காமல் ஒரு வாரத்துக்குள் விநியோகிக்கும் அளவே வாங்குங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை இருப்பதால் துணிப் பையிலும் காகிதப் பொட்டலத்திலும்தான் கட்ட வேண்டும். அடுத்த மாதம் அதே துணிப் பையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பையைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வரும்போது இரண்டு வார்த்தை பேசவும் முடியும்.

கம்பளி

டிசம்பர், ஜனவரியில் உறைபனி. அப்போது கம்பளி கொடுப்பதாகச் சொல்லித் தொடங்கும் குழு பிப்ரவரியில்தான் கொடுத்து முடிக்கும். புதிய கம்பளியைச் செப்டம்பரில் வாங்கி, அக்டோபர் கடைசிக்குள் வீடுகளில் சேர்த்துவிடுங்கள். செப்டம்பர் 27 புனித வின்சென்ட் தே பவுல் திருநாள், அதையொட்டி நிதி கேட்கலாம். 2017 முதல் நவம்பரில் கொண்டாடப்படும் உலக ஏழையர் நாளும் கேட்க உகந்தது, ஆனால் அந்த ஆண்டுக் குளிருக்குப் பணம் அப்போது வந்தால் தாமதம்தான்.

பழைய சுவெட்டர், ஜாக்கெட் சேகரிப்பை மார்ச், ஏப்ரலில் வையுங்கள். அப்போதுதான் வெயில் உண்டு, துவைத்துக் காய வைக்க முடியும். மழைக்காலத்தில் சேகரித்தால் மூட்டைக்குள்ளேயே நாறிவிடும். ஜிப் வேலை செய்கிறதா, பொத்தான் இருக்கிறதா, உள்பை கிழிந்ததா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்கள் உங்கள் பிள்ளைக்குப் போடமாட்டீர்கள் என்றால் வெளியே எடுத்துவிடுங்கள். அளவு வாரியாகக் கட்டி, வேப்பிலைச் சருகு போட்டு, மேலே அளவை எழுதுங்கள். சமவெளியிலிருந்து உறவினர் காரில் துணி கொண்டுவந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கம்பளி கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். கரி அடுப்பைக் கணப்புக்காக அறைக்குள் வைத்துக் கதவு சன்னலை அடைத்துத் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மலையில் இது நடக்கிறது. முதியவர் வீட்டில் கம்பளியோடு ஒரு வெந்நீர்ப் பையும் கொடுத்தால் அடுப்பை உள்ளே எடுத்துப் போகும் தேவை குறையும்.

படிப்பும் மருத்துவமும்

படிப்புக்கு உதவினால் படிப்பு முடியும்வரை உதவுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஓராண்டு கொடுப்பதைவிட மூன்று பேருக்கு மூன்றாண்டு கொடுங்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிற பிள்ளை அதற்குப் பிறகு படிப்புக்குத் திரும்புவது அபூர்வம். கட்டணத்தைக் கல்லூரியில் நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அது கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிக்கு மட்டும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மலைப் பிள்ளைகள் கோவையில் சேரும்போது கட்டணத்தைவிட விடுதி முன்பணமே தடுக்கிறது.

மருத்துவத்தில் பணம் கொடுப்பதற்கு முன், அந்த மருத்துவமனை காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கூடலூர்ப் பக்கத்தவர் அவசரத்தில் கேரளாவுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவதால் இது முக்கியம். நோயாளியோடு தங்குகிறவரின் சாப்பாடு, பஸ் கட்டணம், இழந்த கூலி ஆகியவற்றைத்தான் காப்பீடு கொடுக்காது. குழுவின் பணம் அங்கேதான் போக வேண்டும். 108 வரத் தாமதமாகும் இடங்களுக்கு, இரவில் வரச் சம்மதித்த நான்கு ஜீப் ஓட்டுநர்களின் எண்ணை ஒவ்வோர் அன்பியப் பொறுப்பாளரிடமும் கொடுத்து வையுங்கள். குன்னூர் வழி மண் சரிந்து அடைபட்டால் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும் என்பதையும் அவர்களோடு பேசி வையுங்கள்.

சாவு வீடு

ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் அடக்கச் செலவுதான். அடக்க உதவி நிதிக்கு எளிய முறை: ஒரு சாவு நடந்தால் ஒவ்வொரு குடும்பமும் 50 ரூபாய். முந்நூறு குடும்பம் உள்ள பங்கில் 15,000 ரூபாய் சேரும். சாவு நடந்தபின் வசூலிக்காமல், ஒரு தவணையை முன்கூட்டியே கையிருப்பில் வைத்துக்கொண்டு உடனே கொடுத்துவிட்டு, பிறகு வசூலித்து நிரப்புங்கள். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை. வசதியானவர் வேண்டாம் என்றால் அவர் விருப்பம், ஆனால் குழு வேறுபாடு பார்க்கக் கூடாது.

பணத்தோடு பொருளும் வேண்டும். பங்கில் ஒரு பெட்டியில் இவற்றை வைத்திருங்கள்: 12க்கு 18 அடி தார்ப்பாய் இரண்டு, கடப்பாரை இரண்டு, மண்வெட்டி மூன்று, பெட்டி இறக்க 30 அடிக் கனத்த பருத்திக் கயிறு இரண்டு, சார்ஜ் விளக்கு இரண்டு, வாளி இரண்டு. மழைக்காலத்தில் வெட்டிய குழியில் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஊறிவிடும். குழியை அடக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்புதான் வெட்டி முடிக்க வேண்டும், வெட்டியதும் தார்ப்பாயைச் சரிவாகக் கட்டி ஓரத்தில் சிறு வாய்க்கால் எடுக்க வேண்டும், வாளி பக்கத்தில் இருக்க வேண்டும். நைலான் கயிறு நனைந்தால் வழுக்கும், கையையும் அறுக்கும். பெட்டி ஒருபக்கம் சாய்வதைக் குடும்பத்தார் பார்க்கக் கூடாது. குழிக்கு ஆறு பேர் கொண்ட பட்டியலை இளையோர் இயக்கம் வைத்திருக்கட்டும்.

சாவு நடந்த பத்தாம் நாளோடு எல்லோரும் நின்றுவிடுவார்கள். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு இருவர் அந்த வீட்டுக்குப் போங்கள். விதவை உதவித்தொகை, வாரிசுச் சான்று, வேலை செய்த எஸ்டேட்டில் வர வேண்டிய சேமநல நிதி, பணிக்கொடை ஆகியவற்றை அப்போதுதான் அமைதியாகப் பேச முடியும். லைன் வீடு வேலையோடு சேர்ந்தது; இறந்தவர்தான் பதிவுத் தொழிலாளி என்றால் வீடும் போகுமோ என்ற பயம் அந்தக் குடும்பத்தில் இருக்கும்.

மண்சரிவு வந்தால்

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் பல உயிர்கள் போயின. பங்கு மண்டபத்தை முகாமாகத் திறக்க வட்டாட்சியரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லிவிட்டே செய்யுங்கள். பதிவில் வராதவருக்கு அரசு நிவாரணம் கிடைக்காது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. முதல் நாளுக்குச் சூடான பால், பிஸ்கெட், காய்ந்த துணி, மாதவிடாய் நாப்கின், மெழுகுவத்தி, போன் சார்ஜ் செய்ய ஜெனரேட்டர். சமைத்த சாப்பாட்டைப் பல பக்கமிருந்தும் கொண்டுவந்து குவித்து, மாலையில் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒருவர் மட்டும் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருக்கட்டும்.

பணம்

பணம் ஒருவர் பெயரில் இருக்கவே கூடாது. பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணைக் கோவில் வாசலில் ஒட்டுவது இன்று எங்கும் நடக்கும் தவறு. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், அந்தப் பணம் அவருடைய வருமானமாகவே கணக்கில் தெரியும். பங்குக் கணக்கில் தனித் தலைப்பு, அல்லது மறைமாவட்டம் அனுமதித்த தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று பங்குத்தந்தையுடையது.

ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1267, பிரிவு 3). கம்பளிக்கு வந்த பணத்தில் மிச்சம் இருந்தால் அது கம்பளிக்கே. கோவில் பெயின்ட்டுக்கு மாற்றக் கூடாது. மாற்றியது தெரிந்தால் அடுத்த ஆண்டு யாரும் கொடுக்கமாட்டார்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பினால் ஆகும். அதற்கான பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லியில் அதற்கென உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கணக்கு வழியாக வாங்க முடியும். பங்குக் கணக்கில் வாங்கவே கூடாது. வந்துவிட்டால் மறைமாவட்டப் பொருளாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

ஒவ்வொரு செலவுக்கும் எண்ணிட்ட வவுச்சர். பெறுபவர் கையெழுத்து அல்லது கைரேகை, கொண்டுபோன இருவரின் கையெழுத்து. அவசரத்துக்கு 2,000 ரூபாய் வரை தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் என்று தீர்மானம் போட்டு வையுங்கள்.

கடன் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் உங்களைக் கண்டால் வேறு வழியில் போவார், பிறகு பூசைக்கும் வரமாட்டார். ஐயாயிரம் ரூபாய்க் கடனால் ஒரு குடும்பத்தைக் கோவிலிலிருந்தே துரத்திவிடுவோம். கொடுக்க முடிந்ததைக் கொடையாகவே கொடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில்

பெற்றோர் இல்லாத பிள்ளையை நல்லெண்ணத்தோடு தெரிந்த இல்லத்தில் நேராகக் கொண்டுபோய் விடுவது சட்டப்படி தவறு. அரசின் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வேண்டும். 1098-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். டியூஷன் வகுப்பு நடத்தினால் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். பங்குக்குள் பேசித் தீர்த்துவிடலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உதவியை நிறுத்துவதும் கணக்கு வாசிப்பதும்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாதாந்திரப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் வேறு இருவர் போய்ப் பார்க்கட்டும். மகன் வேலைக்குப் போயிருப்பான், உதவித்தொகை வந்திருக்கும். நிறுத்துவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே நேரில் சொல்லுங்கள், பொருளை நிறுத்தினாலும் சந்திப்பைத் தொடருங்கள். குடிக்கிற கணவனுக்காக மனைவி பிள்ளைகளின் பையை நிறுத்தாதீர்கள். அதை மனைவி கையில், அவன் வேலைக்குப் போன நேரத்தில் கொடுங்கள்.

மார்ச் 31-இல் கணக்கை முடித்து, குழுவில் இல்லாத இருவரைத் தணிக்கை செய்யச் சொல்லி, ஏப்ரலில் ஒரு ஞாயிறு பூசை முடிவில் வாசியுங்கள். வரவு எவ்வளவு, எத்தனை குடும்பம், எதற்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பது மட்டும், பெயர்கள் இல்லாமல். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. அதே வாரம் குடும்பக் கோப்புகள், வவுச்சர் கட்டு, சாவிகள், கயிறு தார்ப்பாய்ப் பெட்டியின் பட்டியல் எல்லாவற்றையும் சரிபார்த்து, செயலர் மாறுகிறார் என்றால் புதியவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போய் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.